பிளேன்டீக் கோப்பையும் றப்பர் அசிட்டும்

உக்குவளை,
14.08.2008

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் முனாப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கச்சி உம்மு குல்சுமும் நலம். உங்கள் மாத்தளைக் கடையில் அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டட்டும்.

உங்கள் மருமகள், என் மகள் சித்தி றலியாவின் போத்தல் ஆராய்ச்சியை நிறுத்தி, திகன ஊர் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லும்படி எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. திங்கட்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

றப்பர் பாலை உறைய வைக்க உங்கள் கடையில் நான் வாங்கும் அசிட்டில் பிள்ளை ஒரு சின்னக் கலன் கேட்டாள். அவள் படிக்கும் கம்பஸில் அதிலிருந்து ஐதரசன் வாயு எடுக்கிறார்களாம். யுத்தம் நடக்கும் இந்தக் காலத்தில் பிள்ளையைத் தனியே விடலாமா என்று கலனை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டை ஆற்றுப் பாலத்துச் சாவடியில் எல்லாரையும் இறக்கிச் சோதனை. ஒரு சோல்ஜர் மூடியைத் திறந்து மோந்தான். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. 'என்ன இது?' என்கிறான். நாற்பது வருஷம் பேசிய சிங்களத்தில் ஒரு சொல் வரவில்லை மச்சான்; 'மகளுடையது' என்று மட்டும் வந்தது. உடனே மகளின் பையைக் கொட்டினார்கள். உள்ளே ஒரு போத்தல், குழாய் வைத்த சின்னப் பெட்டி, ஏதோ மருந்து, இரண்டு வயர், ஒரு குட்டி விசிறி, செம்மஞ்சள் தூள்! சனம் இருபது யார் தூரம் தள்ளிப் போய்விட்டது. பஸ்ஸில் எனக்கு வெற்றிலை தந்த மனுஷன்கூட என்னைத் தெரியாதவர்போல ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவர்களின் மேலதிகாரியான கேகாலைச் சார்ஜன் ஒருவர் வந்து மோந்துவிட்டுச் சிரித்தார். "இது றப்பர் அசிட். எங்க அப்பாட கையில எந்த நாளும் இந்த மணம்தான்" என்று சிங்களத்தில் சொன்னவர், "அப்ப வயர் எதுக்கு?" என்றார்.

பிள்ளைக்கு என்னைப்போல நாக்கு ஒட்டவில்லை. "காட்டுறேன். கொஞ்சம் சுடுதண்ணி வேணும்" என்றாள். சுடுதண்ணீர் இல்லை, சார்ஜனின் பால் விடாத பிளேன்டீ இருந்தது. அசிட்டில் அந்த மருந்தும் உளுந்தளவு தூளும் போட்டு, போத்தலை அந்தக் கோப்பைக்குள் இறக்கினாள். தேத்தண்ணீர்ச் சூட்டில் குமிழி கிளம்பியது, குழாய் வழியே தீப்பெட்டியளவு பெட்டிக்குள் போனது, விசிறி சுற்றியது! நெருப்பில்லை, புகையில்லை, பெட்டரியும் இல்லை. ஐதரசனைக் கரண்டாக்குமாம் அந்தப் பெட்டி; அதன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும். ஸுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். "இந்தத் தூள்தான் வாப்பா ஊக்கி. வேலைய முடிச்சிட்டுக் குறையாம அப்படியே இருக்கும்" என்றாள். நம் கல்யாணத் தரகர் ஹலீம் அப்படியா? இரண்டு வீட்டையும் சேர்ப்பதற்குள் இரண்டு வீட்டுப் புரியாணியும் காலி. சார்ஜன் விசிறிக்கு முகத்தை நீட்டிக் காற்று வாங்கினார். துவக்கு நீட்டியவனும் வந்து வாங்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், என் வீட்டில் இப்படியொரு பிள்ளையா என்று.

ஆனாலும் காலம் கெட்டுக்கிடக்கிறது. அந்தச் சார்ஜனின் ஊரில் றப்பர் இல்லாதிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருப்பேனா? ஆராய்ச்சி போதும். திகனக்காரர் ஞாயிறு வரட்டும்.

எல்லாருக்கும் ஸலாம். துஆவில் எங்களை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மச்சான் தாஸிம்

பி.கு.: இன்று காலை பால் உறைய வைக்க அசிட் தேடினால் ஒரு சொட்டும் இல்லை. "ராவே நீங்கதானே மிச்சத்தையும் பிள்ளைக்கு ஊத்திக் கட்டி வெச்சீங்க" என்கிறா உங்கள் தங்கச்சி. உண்மைதான். ஆகவே திகனக்காரர், பிள்ளை படிப்பை முடிக்கும்வரை பொறுக்கட்டும். பொறுக்காவிட்டால் போகட்டும். நீங்கள் இரண்டு கலன் அசிட் அனுப்புங்கள். கலனின் வெளியே சிங்களத்தில் பெரிய எழுத்தில் அசிட்டின் பெயரை எழுதி ஒட்டுங்கள். சாவடியில் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான்தான்.