நட்சத்திர விதியும் பாண்டிச்செல்வியின் மவுஸும்

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த உருப்படியான பொருள் ஒன்றே ஒன்றுதான்: நட்சத்திரக் குறி. வானத்து நட்சத்திரத்தைச் சொல்லவில்லை. கொச்சியில் பாதி வருஷம் மேகம், அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கீபோர்டில் எட்டாம் எண்ணின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த நட்சத்திரம். அதன் மகிமையை எங்கள் அலுவலகம் உணர்ந்த வரலாற்றை அதன் மேலாளர் வெங்கிடாசலமாகிய நானே சொல்வதுதான் முறை.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் எங்களுடையது. முதலாளி சேவியர். ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரிப்பவள் பாண்டிச்செல்வி. இடதுகைக்காரி. ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, என் மவுஸுல வலது இடது பட்டனை மாத்திக்கட்டா? செட்டிங்ஸ்ல ஒரு கிளிக்கு மதி, அது போதும்."

"ஒரு கிளிக்கா! இன்னைக்கு நீ கிளிக் பண்ணுவே. நாளைக்கு ஆளாளுக்குக் கிளிக் பண்ணுவாங்க. அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?"

உடனே கூட்டம் கூட்டினேன். எங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் ரோஹன் 'மாதிரி விதி' என்ற ஒன்றை விளக்கினார். எந்தச் சாதனத்தைச் செருகினாலும் கம்ப்யூட்டர் அதன் பெயரைப் படிக்கும். நாம் எழுதிவைத்த மாதிரியோடு அந்தப் பெயர் பொருந்தினால், நாம் சொன்னதைச் செய்யும். நட்சத்திரம் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு என்ன எழுத்து வந்தாலும் சம்மதம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆளைப் பார்க்க வேண்டாம், பெயரின் முதல் மூன்று எழுத்து போதும்! இத்தனை வருஷம் நான் கையால் செய்துவந்த வேலை இது.

முதல் விதி: 'மவுஸ்*' என்று தொடங்குவதெல்லாம் இடதுகைக்கு. மறுநாள் காலை சேவியர் தன் அறையிலிருந்து கத்தினார்.

"எந்தா வெங்கிடாசலம் இது? மெயில் தொறக்கலாம்னு பட்டனை ஞெக்கினா மெனு நீட்டுது. இது ஆபீஸோ ஹோட்டலோ?"

விதியைச் செம்மைப்படுத்தினோம். ஒவ்வொரு மவுஸுக்கும் கீபோர்டுக்கும் அதை உபயோகிப்பவரின் பெயரையே வைத்தோம். புதிய விதி: 'பாண்டி*' என்று தொடங்கினால் இடதுகை.

"முழுப் பேரும் எழுதினா போதுமல்லே சார்?" என்றார் ரோஹன்.

"முழுப் பேர் எழுதினா அது சலுகை. நட்சத்திரம் போட்டாத்தான் விதி."

கணக்கர் பாண்டியராஜன் தேனிக்காரர். மறுநாள் அவர் மவுஸும் திரும்பிக்கொண்டது.

"சார், நான் சோத்துக்கையால வேலை பாக்குறவன்."

"அது உங்க சொந்த விஷயம்" என்றேன்.

அலுவலகத்தில் இதற்குப் 'பாண்டி ரூல்' என்று பெயர் வந்தது. இந்த ஊரில் தமிழர்களைக் கேலியாகக் கூப்பிடும் சொல்லும் 'பாண்டி'தான் என்பது தற்செயல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லிணக்கம் முக்கியம்.

பிறகு ஒரு பிழை நேர்ந்தது. பட்டன் மாறி அழுத்திய பாண்டியராஜன், ஜெர்மனிக்குப் போக வேண்டிய சுக்கைக் காகிதத்தில் துபாய்க்கு அனுப்பிவிட்டார். கண்டெய்னர் வல்லார்பாடம் துறைமுகத்தில் நின்றுவிட்டது. அவசரக் கூட்டத்தில் நான் கடுமையான முடிவெடுத்தேன்: 'பாண்டி*' என்று தொடங்கும் எதையும் கம்ப்யூட்டர் இனிப் புறக்கணிக்கும்.

"பாண்டிச்செல்வி ஒரு தப்பும் செய்யலயே சார்" என்றார் ரோஹன்.

"செய்யலை. ஆனா பொருந்துறாளே!"

அந்த வாரம் இருவரிடமிருந்தும் ஒரு பிழைகூட வரவில்லை. அது விதியின் வெற்றி. ஒரு வேலையும் நடக்கவில்லை. அது அவர்களுடைய தோல்வி. ஆகவே இருவரையும் கூப்பிட்டு, வேலை போய்விடும் என்று எச்சரித்தேன். பாண்டியராஜன் சாப்பாட்டுப் பையை எடுத்தார். "ஊருல போயி உளுந்து யாவாரம் பாக்குறேன் சார். அதுக்கு மவுஸ் வேணாம்" என்று சொல்லி, வைட்டிலாவில் பஸ் ஏறிவிட்டார்.

பாண்டிச்செல்வி போகவில்லை.

"எனக்குப் போறதுக்கு வேற ஊர் இல்ல சாரே. நான் பொறந்தது இங்க, படிச்சது மலையாளத்துல."

அவள் கண் கலங்கியது. ஏசியைக் கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தோம்.

இரண்டொரு நாளில் அலுவலகம் திடீரென்று சுறுசுறுப்பானது. தேங்கிய காகிதங்கள் நகர்ந்தன. துபாய் மறுபடி ஜெர்மனி ஆயிற்று. வல்லார்பாடத்துக் கண்டெய்னர் கப்பல் ஏறியது. சேவியர் வந்து என் தோளைத் தட்டினார்.

"வெங்கிடாசலமே, கலக்கி! எல்லாத்துலயும் உன் பேருதானே காட்டுது!"

அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். பிறகுதான் விசாரித்தேன். பாண்டிச்செல்வி ரோஹனிடம் சொல்லி, தன் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் என் பெயரை வைத்துக்கொண்டிருந்தாள்!

"என் பேர்ல நீ எப்படி வேலை செய்யலாம்?"

"என் பேருல விட மாட்டேங்குதே சாரே. கை அதே கைதான்."

இந்தத் திமிருக்கு நட்சத்திரத்தால் மட்டுமே பதில் சொல்ல முடியும். ரோஹனை அழைத்தேன்.

"பேரை மாத்தலாம், தாய்மொழியை மாத்த முடியாது. ஆபீஸ் பதிவுல யார் யாருக்குத் தாய்மொழி தமிழோ, அவங்க பேர்ல இருக்கிற எல்லாத்தையும் புறக்கணிக்கச் சொல்லுங்க. விதிவிலக்கே கூடாது."

ரோஹன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாருமா சார்?"

"எல்லாரும்!"

மறுநாள் காலை என் மவுஸ் அசையவில்லை. தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். என் பெயரில் ஓடிய பாண்டிச்செல்வியின் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் மிளகுக்குக் காகிதம் போயாக வேண்டும். சேவியர் ஓடிவந்து, ரோஹனிடம் விஷயத்தைக் கேட்டு, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எல்லா ரூலையும் அழிச்சுக் களையடா!"

ரோஹன் அழித்தார். பாண்டிச்செல்வி உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்து, அதே ஒரு கிளிக்கைச் செய்தாள். மவுஸை இடதுகையில் பிடித்தாள். மத்தியானத்துக்குள் காகிதம் போய்விட்டது. அவளுக்கு நான் விடுத்திருந்த எச்சரிக்கையைச் சேவியர் ரத்து செய்தார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

நிர்வாகத்தின் கௌரவத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது. எல்லாரும் கேட்கும்படி எழுந்து நின்று சொன்னேன்.

"விதியில ஒரு குறையும் இல்லை சார். நாலு தலைமுறையா மட்டாஞ்சேரியில இருக்கிற குடும்பம் எங்களுது. நானும் தமிழன்தான், ஆனா அந்த மாதிரி இல்லை."

பாண்டிச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அந்த மாதிரியைக் கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சாச்சு சாரே. இனி அது உங்க தலையில மட்டும்தான் இருக்கு."