ஆர்டிஸ் வீட்டுக் குழாயடைப்பு

கம்பி நுனியில் மாட்டியிருந்த பிரஷ் சுவருக்குள் சிக்கிக்கொண்டது. ஹார்லன் கம்பியை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. தள்ளிப் பார்த்தார், போகவில்லை. பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்த டுவேன் இதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தான். என்ன சொன்னான் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

"ஆச்சா?" என்று பக்கத்துச் சமையலறையிலிருந்து வீட்டுக்காரம்மா ஆர்டிஸ் குரல் கொடுத்தார்.

"ஆகிட்டே இருக்கு."

துணி உலர்த்தும் மிஷினின் சூடான காற்று வெளியே போகச் சுவருக்குள் ஒரு குழாய் உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஒருநாள் வீடே பற்றிக்கொள்ளும். அந்தப் பஞ்சை வாரி எடுப்பதுதான் அறுபது தாண்டிய பிறகு ஹார்லன் பிடித்திருக்கும் புதுத் தொழில். இதுதான் முதல் வீடு.

அவராகத் தேடிப் போன தொழில் இல்லை. காகித ஆலையை மூடிய நாளிலிருந்து நாற்காலியே கதி என்று கிடந்தவரை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே இந்தப் பயிற்சியில் சேர்த்துவிட்டவள் அவர் மனைவி லவோன்.

"என்னை நம்பி எவன் வீட்டுக்குள்ள விடுவான்?" என்று கேட்டார் ஹார்லன்.

"விடுவாங்க. நீ முதல்ல எந்திரி" என்றாள் லவோன்.

சான்றிதழ் வந்தபோது அதைப் பார்க்க அவள் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குக் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட சாப்பாட்டுத் தட்டுகள் வந்து குவியும். யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத பால்பண்ணைக்காரன் செத்தபோதுகூட அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவை மூட முடியவில்லை. லவோனுக்கு ஒரு தட்டுகூட வரவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவளோடு உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பஞ்சுப் போர்வை தைத்த பெண்கள் அத்தனை பேரும், அடக்கம் முடிந்ததும் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்டிஸும்தான்.

சாப்பாடு கிடைக்கவில்லையே என்று ஹார்லன் வருந்தவில்லை. ஒருத்தியை இவ்வளவு சீக்கிரமா மறப்பார்கள் என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. இந்த முதல் வேலை சரிப்படாவிட்டால் தொழிலுக்கென்று வாங்கிய வேனை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகனிடம் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார். லவோனை மறந்த ஊரில் தனக்கு மட்டும் என்ன வேலை?

சிக்கிய திருகாணியை எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். ஆலையில் முப்பது வருஷம் அதைத்தான் செய்தார். கம்பியைச் சுழற்றும் டிரில் மிஷினை இடப்பக்கமாகச் சுழலவிட்டார். கம்பி சுகமாகக் கழன்று வந்தது. கம்பி மட்டும்தான் வந்தது.

அப்போதுதான் டுவேன் சொன்னது நினைவுக்கு வந்தது. "வலப்பக்கம் மட்டும்தான் சுத்தணும், கேட்டுக்கங்க. இடப்பக்கம் சுத்துனா மரை கழண்டுக்கும். அப்புறம் பிரஷ் சுவத்துக்குள்ளயே குடித்தனம் பண்ணும்."

ஆர்டிஸ் எட்டிப் பார்த்தார். மொட்டைக் கம்பியைப் பார்த்தார்.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார்.

ஹார்லனுக்கு வியர்த்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரையும் குறை சொல்லமாட்டார்கள். சகிக்க முடியாத எதையும் 'வித்தியாசம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"காபி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்."

"ஒரு வாய்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"கொஞ்சூண்டு?"

"சரி, கொஞ்சூண்டு." மூன்றாம் தரம் கேட்டபிறகு சம்மதிப்பதுதான் அங்கே மரியாதை.

காபி வருவதற்குள் காரியத்தை முடித்துவிட நினைத்தார். வெளியே போய், குழாயின் வாயில் ஊதும் மிஷினை வைத்து முடுக்கினார். உள்பக்கத்து வாயை மூடாமல் வந்தது அதன்பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறை வெள்ளை வெளேரென்று இருந்தது. மேஜைமேல் பஞ்சு, அடுப்புமேல் பஞ்சு. கையில் காபிக் கோப்பையோடு நின்ற ஆர்டிஸின் தலைமேலும் பஞ்சு.

"ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றார் ஆர்டிஸ்.

பயிற்சியில் காட்டிய பஞ்சு சாம்பல் நிறத்தில் இருந்தது. இது புத்தம் புதிதாக, கொத்துக் கொத்தாக இருந்தது.

"என்ன ஆர்டிஸ், துணி துவைக்கிறீங்களா, ஆட்டையே பிடிச்சுத் துவைக்கிறீங்களா?"

"எல்லாம் கொஞ்சம் கனமான துணிங்க" என்று ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவு பஞ்சு வந்தும் பிரஷ் வரவில்லை. கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஹார்லன் மிஷினை நகர்த்தி அதன் பின்னால் புகுந்து, குழாய்க்குள் தோள்வரை கையை நுழைத்தார். குழாய் சுவரைவிட்டுப் பெயர்ந்து மடியில் விழுந்தது. அந்த அதிர்ச்சியில் அவர் உதைத்த உதையில் மேலே இருந்த அலமாரி சரிந்து மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காக உட்கார்ந்துகொண்டது. ஹார்லன் உள்ளே மாட்டிக்கொண்டார்.

"இருங்க, நான் இழுக்கிறேன்" என்று ஆர்டிஸ் ஓடிவந்தார்.

"வேண்டாம், விடுங்க."

"கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேனே?"

"விடுங்க ஆர்டிஸ்!" குரல் உடைந்துவிட்டது. மனைவியின் அடக்கத்தன்று வராத அழுகை, அடுத்தவர் வீட்டு மிஷின் பின்னால் மடியில் தகரக் குழாயோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. "லவோன் என்னைப் பத்தித் தப்புக் கணக்குப் போட்டுட்டா. நாளைக்கே வேனை வித்துட்டு மகன்கிட்ட போறேன். அவளையே இங்க யாருக்கும் ஞாபகம் இல்ல. நீங்க ஒருத்தராவது ஒரு தட்டு சாப்பாடு கொண்டுவந்தீங்களா?"

ஆர்டிஸின் கண்ணோரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நனைந்தது.

"ஹார்லன், நாங்க வந்து... சொல்லக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "காபி ஆறுது."

அந்த நேரத்தில் பின்வாசல் கதவு திறந்தது. ஆர்டிஸின் கணவர் ஓர்வில், ஏரியிலிருந்து மீன் வாளியோடு உள்ளே வந்தார். முன்வாசலில் நின்ற வேனையும் அவர் பார்க்கவில்லை, மிஷின் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவரையும் பார்க்கவில்லை. வெள்ளையாகிக் கிடந்த சமையலறையை ஒரு சுற்று பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஏண்டி ஆர்டிஸ், 'என் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகாதீங்க, உக்காந்தே செத்துருவான், வேலை குடுங்க'ன்னு உங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனாளே லவோன், குழாய்ல அவ ஒரு கைப்பிடி பஞ்சுதானேடி அடைக்கச் சொன்னா? நீ ஒரு மெத்தையையே அடைச்சு வச்சிருக்கியே!"