கூட்டத்துக்குப் போன பூட்டுக்காரர்

"ஒண்ணு கூட்டம், இல்லேன்னா அக்கா வீடு," என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டேதான் சொன்னாள். மடித்த துணி அலமாரிக்குப் போகாமல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் மகளின் பள்ளிச் சீருடையும் கிடந்ததைப் பார்த்ததும், ராத்திரி ஏறிய போதையில் மிச்சமிருந்ததும் பூட்டுக்காரருக்கு இறங்கிவிட்டது.

"எந்தக் கூட்டம்?"

"குடியை விட்டவங்க சேர்ந்து நடத்துறது. எங்க நடக்குதுன்னு நீங்களே தேடுங்க. நான் தேடிக் குடுத்தா, நான் புடிச்சுத் தள்ளினேன்னு ஊரெல்லாம் சொல்வீங்க."

தேடினார். ஊரில் மூன்று கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் போன் செய்தார். முதலாவதற்கு ஏகப்பட்ட பேர் வருகிறார்களாம். இரண்டாவதற்கு டாக்டரே வருகிறாராம். இரண்டும் ஆபத்து. மூன்றாவதில் போனை எடுத்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "நாலு பேர்தாங்க வர்றோம். தையல் பள்ளி நடத்துற அம்மா மாடியில சும்மா குடுத்த ரூம். எத்தனை நாள் ஓடுமோ தெரியல," என்று அழாக்குறையாகச் சொன்னார்.

பூட்டுக்காரருக்கு மனசு குளிர்ந்தது. இதுவல்லவா கூட்டம். கொஞ்ச நாள் போய்வந்தால் போதும், அது தானாகவே படுத்துவிடும். திருந்த மனசிருந்தது, இடம்தான் இல்லாமல் போயிற்று என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் போனபோது நாலு பேரும் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டு இறுகிவிட்டது. சாவி திரும்பவில்லை.

"இன்னிக்கு இல்லபோல. கிளம்பலாம்," என்றார் டிரைவர்.

கிளம்பியிருக்கலாம். கடவுளே பார்த்துப் போட்ட பூட்டு. ஆனால் இறுகிய பூட்டைக் கண்டால் அவர் கை அவர் பேச்சைக் கேட்காது. "கொஞ்சம் தள்ளுங்க," என்று சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தார். பூட்டு வாயைத் திறந்தது. நாலு பேரும் கை தட்டினார்கள். கல்யாணத்தில்கூட அவருக்கு யாரும் கை தட்டியதில்லை.

உள்ளே ஒவ்வொருவராக எழுந்து, "நான் ஒரு குடிகாரன்," என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள். இவர் முறை வந்தது. "நான் பூட்டு ரிப்பேர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். டிரைவர் டீயை நீட்டி, "இனிமே கதவு உங்க பொறுப்பு," என்றார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பழைய பூட்டு நினைத்தபோதெல்லாம் இறுகிக்கொள்ளும், நடுங்குகிற கைக்கு மசியாது. சனிக்கிழமை கை நிற்கவேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை குடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமையே நிறுத்தவேண்டும். இப்படிப் பின்னாலேயே போனால் வாரத்தில் மனிதனுக்கு என்னதான் மிஞ்சும்?

"தலை வலிக்குது. இன்னிக்குப் போகல," என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார்.

"போகாதீங்க. யாரு போகச் சொன்னா," என்றாள் மனைவி. "பாவம், நாலு பேரும் படியில நிப்பாங்க. நின்னு அலுத்துப்போய் எதிர்த்த பிராந்திக் கடையில நுழைஞ்சாங்கன்னா, அது அவங்க தலையெழுத்து. நீங்க படுங்க."

போனார்.

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது ஒன்றை மாட்டினார். ஆளுக்கொரு சாவி வெட்டிக் கொடுத்தார். இனி யார் வேண்டுமானாலும் திறக்கலாம், தன்னை யாரும் தேடமாட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில், அறைக்குச் சொந்தக்காரியான தையல் பள்ளி அம்மாளுக்கு ஒரு சாவி கொடுக்க மறந்துபோனார். மறுநாள் காலையில் அந்த அம்மாள் தன் அறைக்கு வெளியே, தன் பழைய சாவியோடு, ஒரு மணி நேரம் நின்றாள். அன்றைக்கே கூட்டத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

திட்டம் போட்டதைவிட நன்றாகவே நடந்துவிட்டது. பூட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கூட்டத்தை மூடிட்டாங்க."

"அடப்பாவமே. இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சுது."

"என்ன பண்றது. என் அதிர்ஷ்டம்."

"ஆமா," என்றாள் மனைவி. "உங்க அதிர்ஷ்டம்."

அடுத்த சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே அடைத்தார். பாட்டிலைத் துணியில் சுற்றிக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால், வாசலில் நாலு ஜோடிச் செருப்பு. கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. டிரைவர் எழுந்து கும்பிட்டார்.

"உங்க மேல எங்களுக்கு வருத்தமில்லன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. இனிமே நம்ம வீட்டுலயே வச்சுக்கங்கன்னுட்டாங்க."

பூட்டுக்காரர் சமையலறைக்குள் நுழைந்தார். மனைவி மகளுக்குத் தலை வாரி முடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"அக்கா வீட்டுக்கு."

"கூட்டத்துக்குப் போனா நீ போகமாட்டேன்னு சொன்னியே."

"நீங்க எங்க போனீங்க? அதுதானே உங்களைத் தேடிட்டு வந்திருக்கு." சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பயப்படாதீங்க. முடிஞ்சதும் வந்துடறோம். மனசு விட்டுப் பேசறப்ப நாங்க இருந்தா உங்களுக்குத்தான் கூச்சம்."

பேசிக்கொண்டே அவர் தோளிலிருந்து பையை இறக்கினாள். உள்ளே ஏதோ குலுங்கியது.

"அது பூட்டுக்குப் போடுற எண்ணெய்," என்றார் அவர்.

"தெரியும்." பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் எடுத்துட்டுப் போயிடறேன். கூடத்துல இருக்கறவங்க கண்ணுல பட்டா பாவம். அவங்க திருந்தணும்னு வந்தவங்க."