வட்டி இல்லாத கட்டம்

"புரியுது சார்" என்று சொன்னால் கோபம் வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆரம்பாக்கம் வங்கிக் கிளையில், எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். கடன் பிரிவு அதிகாரி. பெயர் வேறு ஏதோ உண்டு. ஆனால் பழவேற்காடு ஏரிக்கரை முழுக்க அவர் 'கட்டம் சார்'தான்.

எண்பதுகளின் தொடக்கம். இறாலுக்கு மவுசு ஏறி, ஆளாளுக்கு வலை வாங்கக் கடன் தேடிய காலம். எங்கே வாங்கினால் நல்லது என்று மீனவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு பலகைக்கு வெள்ளையடித்து, சதுரம் சதுரமாகக் கோடு போட்டார். மேலே வங்கி, கூட்டுறவுச் சங்கம், இறால் ஏஜென்ட் என்று மூன்று தலைப்பு. பக்கவாட்டில் வட்டி, ஜாமீன், தவணை. வாசலில் மாட்டிவிட்டார்.

மேனேஜர் பதறினார். "ஏஜென்ட்டுக்கு நம்ம போர்டுல எதுக்குய்யா எடம்?"

"ஊர்ல அவருக்கு எடம் இருக்கே சார்."

முதலில் வந்தவர் எளாவூர்ப் பெரியவர் ஒருவர். பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணுக்கு எப்போ கல்யாணம் கூடும், இத்தப் பாத்துச் சொல்லேன் சார்" என்றார். ஜாதகக் கட்டம் என்று நினைத்துவிட்டார்! நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கட்டம் சார் மட்டும் அவருக்கு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, மறுநாளே சதுரங்களை அழித்து நீளக் கட்டங்களாக்கினார். அன்று ஒட்டிக்கொண்ட 'கட்டம் சார்' என்ற பெயர் மட்டும் அழியவில்லை.

அன்று பிடித்தது பைத்தியம். யார் வந்தாலும் பலகைக்கு முன்னால் நிறுத்துவார். "புரியுது சார்" என்றால் முகம் சிவந்துவிடும். "இன்னா புரிஞ்சுது? அத்தச் சொல்லு!" என்பார். தப்பாகச் சொன்னால் மனம் குளிர்ந்து டீ வாங்கித் தருவார், அப்போதுதானே பலகையைத் திருத்த முடியும். விஷயம் பரவி, ஒரு வலைக்காரர் தினமும் புதுசு புதுசாகத் தப்பாய்ப் புரிந்துகொண்டு ஒரு வாரம் ஓசியில் டீ குடித்தார்.

எதிரில் நின்றால் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள் என்று, பிறகு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, படிப்பவர்களின் விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். கதவுக்கு அடியில் அவருடைய செருப்பு தெரியும். "பேங்க்ல திருடன் பூந்துக்கினான்" என்று ஒருநாள் கூச்சலே கிளம்பிவிட்டது.

அப்படி அவர் ஒளிந்திருந்த ஒரு நாள்தான் சுண்ணாம்புக்குளம் நாகம்மா வந்தாள். ஏரித் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பவள். தனக்கென்று ஒரு வலை வாங்கிவிட்டால் முதுகு நிமிரலாம் என்று வந்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. முகம் மலர்ந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடுவிடுவென்று கிளம்பிப் போய்விட்டாள்.

கட்டம் சார் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "பாத்தியா! ஒரு சந்தேகம் கேக்கல. பாத்தா, புரிஞ்சுது, போய்ட்டா! உன்னாண்ட இன்னா சொன்னா?"

"ஏஜென்ட்டுக்குக் கீழ வட்டி இல்லைன்னு போட்டிருக்காம் சார். அவர்கிட்டயே அட்வான்ஸ் வாங்கப் போறாளாம்."

அவர் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. எழுதியது பொய்யில்லை. ஏஜென்ட் வட்டி வாங்க மாட்டார்தான். ஆனால் கடன் அடைகிறவரை பிடிக்கிற இறாலெல்லாம் அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே. அதற்குப் பலகையில் கட்டமே இல்லை.

சைக்கிளை எடுத்தார். நான் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பலகை எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிக்காற்று பலகையில் மோதியதும், சைக்கிள், பாய் கட்டிய படகு மாதிரி ஒருபக்கமாகப் போய் எங்களை உப்புச் சேற்றில் இறக்கியது.

ஏஜென்ட் கொட்டகையில் நாகம்மா பணத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். சேறு சொட்டச் சொட்டப் போய் நின்ற கட்டம் சார் மூச்சிரைக்கக் கேட்டார்: "எம்மா, நாளைக்கு உன் இறாலுக்கு வெல யாரு சொல்லுவா?"

"அவுருதான் சொல்லுவாரு. துட்டு குடுக்குறவரு அவுராச்சே..."

நீட்டிய கை பாதியில் நின்றது. ஏஜென்ட்டைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். திட்டு விழுந்தது கட்டம் சாருக்கு.

"தோ பாரு நைனா, இத்தினி எழுதுனியே, அத்த எழுத இன்னா கேடு உனக்கு? வட்டி இல்லன்னு போட்டு என்னத் தண்ணியிலயே நிக்க வெக்கப் பாத்தியே!"

அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. அங்கேயே பலகையில் ஒட்டிய சேற்றைத் துடைத்து, ஒரு கரித்துண்டால் கடைசியில் ஒரு வரிசை சேர்த்தார்: 'இறாலுக்கு விலை சொல்வது யார்?' சங்கத்துக்குக் கீழே 'சங்கம்'. ஏஜென்ட்டுக்குக் கீழே 'ஏஜென்ட்'. வங்கிக்குக் கீழே 'நீ'. நாகம்மா அந்தக் கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்தாள். ஏஜென்ட் பணத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

எங்கள் கடனில் அவள் வலை வாங்கினாள். அதோடு விட்டாளா? எங்களுக்கே இறால் கொண்டுவந்து யானை விலை சொல்லுவாள். குறைத்துக் கேட்டால், "வெல நான்தான் சொல்லணும்னு உங்க போர்டுலயே போட்டுக்கீது" என்பாள். அவள் சொன்ன விலையைக் கட்டம் சார் எடுத்துக் கொடுப்பார்.

இப்போது எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது. கடன்களைக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுக் காட்டுகிறது. கடைசியில் 'புரிந்தது' என்று ஒரு பொத்தான். ஒன்றும் புரியாமல்தான் அழுத்துகிறேன். "இன்னா புரிஞ்சுது? அத்தச் சொல்லு" என்று அதட்ட அவர் இல்லை. கதவுக்கு அடியில் அந்தச் செருப்பு தெரியாதா என்று கண் தேடுகிறது.