மேல் பிளக், கீழ் பிளக்

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வாசலில் சரித்திரம் எழுதப்படும் என்று நேமிராஜ் முடிவு செய்தார். எழுதப்போவது அவர். எழுதும் கருவி, ஒரு ஸ்பேனர்.

அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. முப்பது வருஷமாக அதன் ஸ்டீரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. இப்போது மனைவி அனந்தமதி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாங்கினவள் அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அதை விட்டு, திங்கட்கிழமை மேல்சித்தாமூர் மடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"ஓட்றது யார் வேணா ஓட்டலாம். வண்டியோட வயித்துல இன்னா இருக்குதுன்னு தெரியணும். டிஃபரன்ஷியல்னா இன்னா, சொல்லு?"

"பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல உருண்டையா இருக்குதே, அது."

அவள் சரியாகச் சொன்னதில் அவருக்கு எரிச்சல். "அதுல ஆயில் மாத்தணும். ஞாயித்துக்கெழம நானே மாத்தறேன். மெக்கானிக் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"முடியலன்னா?"

"முடியலன்னா சாவி ஒன்னுது."

"எதுவரைக்கும் டைம்?"

"பொழுது சாயறதுக்குள்ள. கைகழுவிட்டு சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

சமண வீடு. பொழுது சாய்ந்தபின் அங்கே யாரும் சாப்பிடுவதில்லை.

அனந்தமதி உடனே சம்மதித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் உடனே சம்மதித்ததில்லை. அங்கேயே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற வேலையை எல்லாம் அவர் அடுத்தவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்.

ஞாயிறு மூன்று மணி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். டிஃபரன்ஷியலுக்கு இரண்டு பிளக். மேல் பிளக்கைக் கழற்றினால் ஆயில் ஊற்றலாம். கீழ் பிளக்கைக் கழற்றினால் ஆயில் வடியும். அனந்தமதி முறத்தில் உளுந்தோடு வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, மொதல்ல மேல் பிளக் வருதான்னு பாத்துக்குங்க. அப்பறம் கீழ தெறங்க."

வண்டிக்கடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "நீ உளுந்தப் பாத்து பொறுக்கு. கல்லு கெடக்கப் போவுது."

கீழ் பிளக்கைத்தான் திருகினார். இரண்டே சுற்று. கன்னங்கரேலென்று பழைய ஆயில் குண்டானில் இறங்கியது.

"பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் வந்துடுச்சா?"

"ஒரு சொட்டு பாக்கியில்ல."

"இனிமே வண்டிய ஓட்ட முடியாதுல்ல?"

"ஆயில் இல்லாம எப்பிடி ஓட்றது? உள்ள பல்சக்கரம் தேஞ்சி மாவாப் பூடும். ஒனக்கு எங்க புரியப் போவுது!"

"அதானே," என்றாள் அவள், ஒரு கல்லைப் பொறுக்கி வீசிக்கொண்டே.

பிறகு மேல் பிளக்குக்கு வந்தார். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி மாட்டினார். மறுபடி வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தார். பிளக்கின் தலையில் நாலு மூலையும் மழுங்கி, ஆற்றுக் கூழாங்கல் போல இருந்தது. குறடு போட்டார். உளி வைத்துச் சுத்தியலால் அடித்தார். பிளக்கைத் தவிர மற்றதெல்லாம் அசைந்தது. எறும்புக்கும் ஒதுங்கி நடக்கிற பரம்பரை அவருடையது. ஐந்து மணிக்கு அந்த பிளக்கின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

சூரியன் ராஜகிரி மலைமேல் போய் உட்கார்ந்தது.

"சாப்ட வரீங்களா? நான் சாப்ட்டாச்சு."

"தோ, வந்துடும்!"

"பிளக்கா, நீங்களா?"

அவர் மறுபடி உளியை வைத்து அடித்தார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அனந்தமதி போனை எடுத்தாள். "தனகோட்டி, வாப்பா."

மெக்கானிக் தனகோட்டி இரண்டே நிமிஷத்தில் வந்து நின்றான், வெல்டிங் மிஷினோடு. தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தவன் வேறு எப்படி வருவான்?

"நயினாரே, கொஞ்சம் வெளிய வாங்க," என்றான், வண்டிக்கடியில் குனிந்து.

மழுங்கின தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தான். நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு திருப்பு. பிளக் சமர்த்தாக வெளியே வந்தது. கீழே மூடி, மேலே புது ஆயில் ஊற்றி, சட்டைப்பையிலிருந்து புது பிளக்கை எடுத்தான்.

"புது பிளக் எப்பிடிப்பா கையோட வந்துச்சு?"

"நீங்க பந்தயம் கட்டின மறுநாளே அக்கா வாங்கி வெக்கச் சொல்லிட்டாங்க. போன வருஷம் ஆயில் கசியுதுன்னு ஸ்பேனர்ல பைப்பு மாட்டி இறுக்கி, நீங்கதான பிளக் தலைய தேச்சீங்க? வெல்டிங் வெக்காம வராதுன்னு அப்பவே அக்காகிட்ட சொன்னேனே."

நேமிராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "தெரிஞ்சிக்கினேதான் மேல் பிளக்க மொதல்ல பாருன்னு சொன்னியா? அப்பிடிப் பாத்திருந்தா, வரலன்னு தெரிஞ்சி நைசா ஷெட்டுக்கு ஓட்டினு போயிருப்பேனே!"

"போயிருப்பீங்க. அதுக்குத்தான் சொன்னேன். நான் சொல்லி நீங்க என்னிக்கி கேட்டிருக்கீங்க?"

பட்டினியோடு அவர் சாவியைக் கொடுத்தார்.

திங்கள் காலை வண்டி சாவியின் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. பக்கத்து சீட்டிலாவது மானத்தோடு உட்காரலாம் என்று முன்கதவைத் திறக்கப் போனார் நேமிராஜ். அனந்தமதி ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே தலையை நீட்டினாள்.

"நீங்க பின்னாடி ஏறுங்க. முன்னாடி தனகோட்டி வரான். வழியில ஏதாவது ஒண்ணுன்னா, பக்கத்துல வண்டி தெரிஞ்ச ஆளு வேணும்ல?"