கீழறைக்கு வந்த கிடாரி

ஸ்கூடாயில் வீடு வாங்கியதும் நான் எடுத்த முதல் சபதம்: கீழே இருக்கும் சின்ன அறை எனக்கு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு டிவி, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது இவ்வளவுதான்.

அந்த அறைக்கு ஒரே ஆபத்து, என் மச்சான் காளிதாஸ். பாலோ என்ற ஊரில் தன் அப்பாவோடு மாடு வளர்க்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் அவர்தான் கொண்டுவர வேண்டும் என்றாள் என் மனைவி செல்வராணி. போன தீபாவளிக்கு வந்த மனிதர் பொங்கல் முடிந்துதான் கிளம்பினார். அதுவும் அவர் பையை நானே காரில் ஏற்றிய பிறகு!

"மச்சானுக்கு எதுக்கு சிரமம்? பொந்தியான்ல ஒரு நாள் வாடகைக்கு நானே மாடு பேசிட்டேன்லா."

"உங்களுக்கு மாடு பார்க்கத் தெரியுமா?"

"தினம் பால் குடிக்கிறவனுக்குத் தெரியாதா? கொம்புகூட இப்பத்தான் எட்டிப் பார்க்குது. அவ்வளவு அழகு!"

அவள் சிரித்தாள். போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் கிரகப்பிரவேசம். விடிகாலை லாரியிலிருந்து என் மாடு பளபளவென்று இறங்கியது. ஐயர் கன்று எங்கே என்று லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இது கிடாரி," என்றாள் செல்வராணி.

"பசுன்னுதானே நெனச்சேன்?"

"கன்னுக்குட்டி வளர்ந்தா கிடாரி. அது சினையாகி, கன்னு போட்டாத்தான் பசு. இது இன்னும் சினைப் பருவத்துக்கே வரல. பாலுக்கு எங்க போறது?"

"அலமாக், போச்சு! பாக்கெட் பால்..."

ஐயர் முறைத்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கிடாரி யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, நேராக என் அறைக்குப் போய், தாராளமாகச் சாணி போட்டது.

அப்போது தெருமுனையில் ஹார்ன் சத்தம். பசு, கன்று, மச்சான்.

"கொம்பு எட்டிப் பார்க்குதுன்னு நீங்க சொன்னதுமே சின்ன மாடுன்னு தெரிஞ்சு தம்பிக்குப் போன் அடிச்சிட்டேன்," என்றாள் செல்வராணி.

பால் பொங்கியது. பாயசம் அமிர்தம். புது வீடு முழுக்கச் சிரிப்பு. எனக்கே மனசு நிறைந்துவிட்டது. இரண்டாவது கிண்ணத்தோடு மெதுவாகக் கேட்டேன்.

"கிடாரியை எப்ப திருப்பி அனுப்பலாம்?"

"வீட்டுக்குள்ள வந்த லட்சுமியை யாராவது அனுப்புவாங்களா? மாட்டுக்காரர்கிட்ட விலை பேசி வாங்கிட்டேன். கோயில் கொட்டகையில கட்டிக்கலாம்னு ஐயர் சொல்லிட்டாரு. தம்பி பார்த்துக்குவான்."

மச்சான் என் அறையைக் கழுவித் துடைத்து, பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். சாய்வு நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு?" என்று செல்வராணியிடம் கேட்டேன்.

"ரொம்ப நாளெல்லாம் இல்லங்க. அது பசு ஆகுற வரைக்கும்தான்."