அசையாத அப்பா

பெற்ற மகளுக்குத் தன்னை அறிமுகப்படுத்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

ஜெனி பிறந்தபோது, கோலார் தங்கவயலில் பாதிப்பேரைப்போல நானும் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். கிளம்பும்போதும் அவள் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை தூக்கினால் திருடன் தூக்கியதுபோல அலறுவாள். அந்தச் சமயத்தில் ஒரு டாக்டரம்மாவின் வீடியோவைப் போனில் பார்த்தேன். தலை, கை, கால் அதனதன் இடத்தில் இருக்கிற மனித உருவத்தைச் சில மாதக் குழந்தைகூட விரும்பிப் பார்க்குமாம். (பாதியிலேயே தூங்கிவிட்டேன். மீதியையும் பார்த்துத் தொலைத்திருக்கலாம்.)

அந்த வாரமே ஆண்டர்சன்பேட்டை ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், இரண்டு கையையும் விரித்துக் குழந்தையைக் கூப்பிடுவதுபோல போட்டோ எடுத்து, ஆளுயரக் கட்அவுட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

"எந்த வார்டு சார்?" என்றார் கடைக்காரர்.

"எலெக்‌ஷனுக்கு இல்லீங்க. கொழந்தைக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் ரசீது எழுதினார்.

தொட்டிலுக்கு எதிரே அதை நிறுத்தினோம். ஜெனிக்குக் கொள்ளை ஆசை. பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். என் மனைவி ஸ்டெல்லா அனுப்பிய வீடியோக்களை ரயிலில் எல்லோருக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஞானஸ்நானம் வந்தது. சர்ச் நிறைய சொந்தக்காரர்கள். பாஸ்டர் அழைத்ததும் குழந்தையை நான் வாங்கினேன். அவள் போட்ட சத்தத்தில் ஜெபமே நின்றுபோனது.

"இன்னாங்க, வூட்ல கீற பொம்ம மாதிரி கைய விரிச்சி நில்லுங்க," என்று ஸ்டெல்லா காதைக் கடித்தாள்.

குழந்தையை அவள் தம்பி சார்லஸிடம் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய்க் கையை விரித்து நின்றேன். அழுகை நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்! உருகிப்போய் ஓரடி முன்னால் வைத்தேன். அலறினாள். பின்னால் போனேன். சிரித்தாள்.

"மாமா, நவுராதீங்க! கொழந்தைய நான் புடிச்சிக்கிறேன்," என்றான் சார்லஸ். (சபையே குலுங்கியது. பாஸ்டர் இருமுவதுபோல நடித்தார்.)

என் மகள் தலையில் தண்ணீர் விழுந்தபோது, ஏந்தவேண்டிய நான் சோளக்கொல்லைப் பொம்மையாக எட்ட நின்றேன். அதற்கு இன்றும் மனசு ஆறவில்லை. கட்அவுட்டுக்கு அலைந்த நேரத்தில் லீவு போட்டு அவளோடு தரையில் உருண்டிருக்கலாம். (வீடியோவின் மீதியில் டாக்டரம்மா அதைத்தான் சொல்லியிருந்தாராம்.)

இப்போது ஜெனி நான்காம் வகுப்பு. வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் "மாமா, நவுராதீங்க!" என்று ஒருவராவது கத்துவார்கள். போன கிறிஸ்துமஸ் அன்று போட்டோவுக்காக அவளை அணைக்கப் போனேன். அவளே விலகி, "அப்பா, நீ அங்கயே நில்லு. அப்பதான் நான் சிரிப்பேன்," என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.